ஆர்டர் பொத்தான்: நாம் கவனிக்க வேண்டியவை

நமது மளிகைக் கடைகள் சில, சொந்தமாகச் செல்போன் செயலி வைத்து ஆர்டர் வாங்குகின்றன. செயலியை எழுதித் தருபவர் வேறொருவர்தான். ஆனால், அதிலுள்ள ‘ஆர்டர் செய்க’ பொத்தான் தவறினால் நட்டம் நமது கல்லாவுக்கே.

பொத்தான் வைப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. திரையில் அதை வரைந்து எழுத்துப் பொறிப்பது ஒன்று. அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற கட்டளையை அதனுடன் இணைப்பது மற்றொன்று. இரண்டாவது இல்லையேல், பெயர்ப்பலகை மாட்டிய பூட்டிய கடைதான்.

செயலி எழுதுபவரிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியவை:

1. அளவு: ஆண்ட்ராய்டு செயலிகளில் பொத்தான் 48 டி.பி., அதாவது சுமார் 9 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. ‘சேர்’, ‘நீக்கு’ இரண்டும் ஒட்டியிருந்தால் விரல் தவறிவிடும்.

2. எழுத்து: வெறும் ‘சரி’ போதாது. ‘ரூ.640 செலுத்துக’ என்றிருந்தால் சந்தேகம் வராது.

3. இரட்டை அழுத்தம்: இதுவே மிக முக்கியம். சிக்னல் மந்தமானால் வாடிக்கையாளர் மறுபடி அழுத்துவார். ஒரு மூட்டை அரிசி இரண்டாகப் பதிவாகும். பணமும் இருமுறை போகலாம். எனவே முதல் அழுத்தத்திலேயே பொத்தான் மங்கி, ‘பதிவாகிறது’ எனக் காட்ட வேண்டும். அதுவும் போதாது. நமது சிட்டை எண் போல ஒவ்வொரு ஆர்டருக்கும், அனுப்பும் முன்பே தனி எண் தரப்பட வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால், கணக்கைப் பதியும் கணினி அதைப் புதிய ஆர்டராக ஏற்கக் கூடாது.

4. நேர்மை: கேட்காத பொருளைத் தானாகக் கூடையில் சேர்ப்பது போன்ற 13 வகை ஏமாற்று முறைகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடுக்கின்றன. விற்பனையாளரான நமக்கும் அவை பொருந்தும்.

செயலிக்கான மீதித் தொகையைக் கொடுக்குமுன் நாமே சோதித்துப் பார்ப்போம். பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்துவோம். அழுத்தியவுடன் இணைய இணைப்பைத் துண்டித்து, திரும்பவும் இணைத்து அழுத்துவோம். இரு சோதனையிலும் ஒரே ஒரு ஆர்டர் பதிவானால் மட்டுமே செயலியை வாடிக்கையாளர் கையில் கொடுப்போம்.