இரண்டு கேபிள் இருந்தும் திரை ஏன் நின்றது?

கேள்வி: திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளுக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பி.எல்.சி.க்கும் ஸ்காடா கம்ப்யூட்டருக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டிருக்கிறோம். ஒன்று போனாலும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்றார்கள். போன மாதம் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பழுதானதும் திரை அப்படியே நின்றுவிட்டது. மோட்டார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கேபிள் இருந்தும் ஏன் இப்படி?
– வாசகர், சோமனூர்

பதில்: திரை நின்றது, மோட்டார் நிற்கவில்லை என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

பி.எல்.சி. என்பது பம்ப், வால்வு, சென்சார் எல்லாவற்றையும் நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. செய்ய வேண்டியது என்னவென்ற புரோகிராம் அதன் சொந்த நினைவகத்திலேயே இருக்கிறது. ஸ்காடா என்பது அதைக் கண்காணிக்கும் மென்பொருள்: அளவுகளைக் காட்டும், பதிவு செய்யும், நீங்கள் மாற்றும் அளவைக் கீழே அனுப்பும். இரண்டுக்கும் தொடர்பு அறுந்தால் பி.எல்.சி. தன் வேலையைத் தொடரும். உங்களுக்குத்தான் கண் தெரியாது. அந்த நேரத்துப் பதிவும் விடுபடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு இயங்கும் ஊரில், விடுபட்ட பதிவு சின்ன விஷயம் அல்ல.

இனி அந்த இரண்டு கேபிளுக்கு வருவோம். கேபிள் இரண்டு என்றால் பாதையும் இரண்டு என்பது பலரும் நம்புவது. பாதையை இரு முனையிலிருந்தும் தடவிப் பாருங்கள். பி.எல்.சி.யில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கலாம். ஆனால் பல மாடல்களில் அவை உள்ளே இருக்கும் ஒரு குட்டி சுவிட்சின் இரண்டு வாய்கள்தான், முகவரி ஒன்றே. மறுமுனையில் இரண்டு கேபிளும் பெரும்பாலும் ஒரே சுவிட்சில் போய்ச் சேரும். அந்த சுவிட்சுக்கு ஒரு பவர் சப்ளை, அதற்கு ஒரு யு.பி.எஸ். ஆக, கேபிள் மட்டும்தான் இரண்டு, மற்றதெல்லாம் ஒன்று. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் இடத்தில் போனது அந்த ‘ஒன்று’தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே கருவிகளை இரண்டு கேபிளால் இணைத்தால் நெட்வொர்க்கில் ஒரு வளையம் உருவாகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படும் ஈதர்நெட் தகவலுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, நெட்வொர்க்கையே அடைத்துவிடும். இதைத் தடுக்க 1985இல் ராடியா பெர்ல்மன் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்ற முறையை வகுத்தார்: ஒரு பாதையை மூடி வைத்து, மற்றது அறுந்தால் திறப்பது. பழைய வடிவத்தில் திறக்க 30 முதல் 50 விநாடி ஆகும். தொழிற்சாலைகளுக்கென்று வந்த எம்.ஆர்.பி. என்ற வளைய முறை, 50 சுவிட்ச் வரை இருந்தாலும் 200 மில்லி விநாடிக்குள் மீட்டுவிடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் ‘மேனேஜ்டு’ சுவிட்ச், அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய சுவிட்ச் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண சுவிட்சுக்கு இது தெரியாது.

பாதை உண்மையிலேயே இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். முதல் பாதை செத்துவிட்டது என்று ஸ்காடாவுக்கு யார் சொல்வது? தூரத்தில் கேபிள் அறுந்தால் கம்ப்யூட்டருக்குச் செய்தி வராது. பதில் வராததுதான் செய்தி. விண்டோஸ் தானாகச் சோதிக்க வேண்டுமென்றால், இயல்பு அமைப்பில் 2 மணி நேரம் மௌனமாக இருந்த பிறகே சோதிக்கும். எனவே ஸ்காடாவே முடிவு செய்ய வேண்டும்: எத்தனை விநாடி காத்திருப்பது, மொத்தம் எத்தனை முறை கேட்பது என்று. 10 விநாடி, 5 முறை என்று வைத்திருந்தால் 50 விநாடிக்குப் பிறகுதான் அது மாற்றுப் பாதையைத் தேடும். அதுவரை பல திரைகளில் பழைய எண்ணே நிற்கும். மாறாத தொட்டி மட்டமும் செத்துப்போன தொட்டி மட்டமும் பார்வைக்கு ஒன்றுதான்.

உங்கள் ஊர் விசைத்தறியில் ஊடை இழை அறுந்தால் வெஃப்ட் ஃபோர்க் உடனே தறியை நிறுத்துகிறதல்லவா? நெட்வொர்க்கில் அந்த வேலையைச் செய்வது ‘ஹார்ட்பீட்’. பி.எல்.சி.யில் விநாடிக்கு ஒன்று கூடும் ஓர் எண்ணை வைத்து, அது நகரவில்லை என்றால் ஸ்காடா சிவப்பு எச்சரிக்கை காட்டும்படி செய்வது. செலவு, புரோகிராமில் சில வரிகள்.

இரண்டு தனி நெட்வொர்க்கிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும் பி.ஆர்.பி. என்ற முறையும் இருக்கிறது. அதில் இடைவெளியே கிடையாது. மின் துணை நிலையங்களுக்கு அது தேவை. நிரம்பப் பல மணி நேரம் எடுக்கும் தொட்டிக்குச் சில விநாடி தாமதம் ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பி.எல்.சி.யில் தனி முகவரியோடு இரண்டாவது நெட்வொர்க் கார்டு, ஸ்காடா கம்ப்யூட்டரிலும் அதேபோல ஒன்று, இரண்டாவது சுவிட்ச், அதற்கு வேறு யு.பி.எஸ்., இரண்டாவது கேபிளுக்கு வேறு வழி. வெளியில் போகும் கேபிள் ஃபைபராக இருந்தால் இடி மின்னலின் மின்பாய்ச்சலும் அதன் வழியே வராது. ஸ்காடாவில் இரண்டு முகவரியையும் கொடுத்து, காத்திருக்கும் பாதை உயிரோடு இருக்கிறதா என்றும் அடிக்கடி சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், மாற்றுப் பாதை சத்தமில்லாமல் என்றோ போயிருக்கலாம். முதல் பாதை போகும் நாளில்தான் அது தெரியவரும்.

கடைசியாக ஒன்று. மேலாளரிடம் சொல்லி, வேலை குறைந்த ஒரு நேரத்தில் முதல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அடுத்து முதல் சுவிட்சின் பவரை அணையுங்கள். ஒவ்வொரு முறையும் திரை மீள எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். கேபிள் சோதனையில் தேறி, சுவிட்ச் சோதனையில் தோற்றால், பழைய ‘ஒன்று’ இன்னும் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். அது அகப்படும்வரை தேடுங்கள்.