நன்னீர் மீன் வளர்த்தவர் கடல்மீன் தொட்டி அமைக்கலாமா?

தெரிந்த தொழிலிலிருந்து அடுத்த தொழிலுக்குப் போவோருக்கு ஒரு பாடம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகிறவர்களுக்கு இரு பக்கமும் கடல்தான். மண்டைதீவில் நின்று பார்த்தால் அக்கரையில் யாழ்ப்பாணக் கோட்டை தெரிகிறது. குறிகட்டுவானுக்குப் போகும் வாகனங்கள் இந்த வழியால்தான் ஓடுகின்றன. அப்படியான வீதியோரத்தில் ஒருவர் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடமாக கப்பி, மொலி, ஏஞ்சல், தங்கமீன் வளர்த்து விற்றவர். வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி கடைக்குள் ஒரு கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார். அவருடைய கணக்கு இதுதான்: “தண்ணீர் கடலில் இலவசம். கல் கடலில் இலவசம். மீன் வளர்க்க எனக்குத் தெரியும். கண்ணாடித் தொட்டிக்கு மட்டும்தானே காசு!”

இந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு வரியும் பிழை. அவர் திறமை இல்லாதவர் என்பதல்ல காரணம். திறமை உள்ளவர் என்பதால்தான் இந்தப் பிழை வருகிறது. புதியவன் பயந்து பயந்து விசாரிப்பான். அனுபவசாலி விசாரிக்காமலே முதல் போடுவான். புடவைக் கடைக்காரர் ஹோட்டல் தொடங்கும்போதும், பலசரக்குக் கடைக்காரர் கைத்தொலைபேசி விற்க இறங்கும்போதும் நடப்பது இதுவே. ஆகவே மீன் தொட்டியில் அக்கறை இல்லாத வாசகர்களும் இதைத் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதல் பிழை: தண்ணீர் இலவசம்

முருகைத் தொட்டிக்கு வேண்டிய நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். அந்த அளவு நாளுக்கு நாள் மாறக்கூடாது. மண்டைதீவைச் சுற்றியுள்ளது ஆழம் குறைந்த பரவைக்கடல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை விழுந்தால் அதன் உப்பு குறைகிறது. ஆடி, ஆவணி வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறுகிறது. கரையோரக் கழிவுநீரும் சேற்றுத் தூசும் வேறு. இந்த நீரை வாளியால் அள்ளித் தொட்டிக்கு ஊற்றுவது, தரம் தெரியாத சரக்கை நிறுக்காமல் வாங்குவது போன்றது.

எனவே ஆழ்கடல் நீரைக் கொண்டுவந்து வடிகட்டி, உப்பளவு பார்த்துப் பாவிக்க வேண்டும். அல்லது தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்கிக் கரைக்க வேண்டும். 300 லீற்றர் தொட்டிக்கு முதல் தடவை 10½ கிலோ உப்பு தேவை. வாரம் பத்து வீதம் நீர் மாற்றினால் 30 லீற்றர். அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வருடத்துக்கு சுமார் 55 கிலோ. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சாதாரண உப்போடு மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் முதலியனவும் உண்டு.

இந்த உப்பு இறக்குமதிச் சரக்கு. விளக்கும் குளிரூட்டியும் அப்படியே. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. இடைவிடாமல் வாங்க வேண்டிய பொருள் டொலரில் கட்டுண்டிருந்தால், குறைந்தது மூன்று மாதச் சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நன்னீர்த் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றி நிரப்புவோம். கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கும். 300 லீற்றரில் 15 லீற்றர் வற்றினால் உப்பளவு 35 இலிருந்து 36.8 ஆக ஏறிவிடும். அந்தக் குறையைக் கடல்நீரால் நிரப்பினால் மேலும் அரைக்கிலோ உப்பு சேரும். ஆகவே தினமும் நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர் கடினமானது. தோட்டப் பகுதிகளில் உரத்தால் வந்த நைத்திரேற்றும் அதில் இருக்கும். சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தால் ஒரு லீற்றர் நல்ல நீருக்குப் பல லீற்றர் கழிவுநீர் போகும். குடிநீருக்கே சிரமப்படும் தீவகத்தில் இதுவும் ஒரு செலவு. கழிவுநீரைக் கழுவுவதற்குப் பயன்படுத்தலாம். மாரியில் சுத்தமான ஓட்டுக் கூரை மழைநீரைச் சேமித்து வைப்பதும் ஒரு வழி. தகரக் கூரை நீர் வேண்டாம். உலோகம் கலந்தால் கடலுயிர்கள் தாங்கா.

இரண்டாம் பிழை: கல் இலவசம்

நெடுந்தீவில் முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பார்த்தவர்கள், கடலில் கல் எடுப்பதைச் சாதாரணமாக நினைக்கலாம். அது அந்தக் காலம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் 1988இல் செய்யப்பட்ட திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவதையும் சேகரிப்பதையும் சேமித்து வைப்பதையும் கொண்டுசெல்வதையும் தடைசெய்கிறது. கல் முருகை இனங்கள் வனசீவராசிகள் சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்டவை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் பட்டியலிலும் அவை இருக்கின்றன. உயிருள்ள மீன்களை ஏற்றவோ இறக்கவோ 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும்.

கடைக்குள் எல்லோரும் பார்க்க வைக்கும் பொருள் சட்டவிரோதமானது என்றால், அது விளம்பரம் அல்ல, வாக்குமூலம். இரசீதும் அனுமதிப் பத்திரமும் இல்லாத முருகையை, “கடலில் கிடந்தது” என்று யார் கொண்டுவந்து தந்தாலும் தொடாதீர்கள். அடித்தளத்துக்குச் செயற்கைக் கல் போதும். துளைகள் நிறைந்த சுட்ட மட்கல்லும் அதே வேலையைச் செய்யும். கல்லின் வேலை அழகு மட்டுமல்ல; கழிவை உடைக்கும் பற்றீரியா குடியிருக்க அது இடம் கொடுக்கிறது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு உண்டு. 1998இல் உலகெங்கும் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அருகிலுள்ள பாறைத் திட்டிலும் முருகைகள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. முருகைப் பாறைதான் சிறு மீன்களின் வீடு. அது போனால் அதை நம்பிய மீனவரின் வலையும் வெறுமையாகும். ஒரு தொட்டியின் அலங்காரத்துக்காக அயலவரின் பிழைப்பில் கைவைக்கலாகாது.

மூன்றாம் பிழை: எனக்குத் தெரியும்

நன்னீர் அனுபவத்தில் எது உதவும், எது உதவாது என்று இரு பத்தியாக எழுதிப் பாருங்கள்.

உதவுவது: பொறுமை, தினமும் மீனைக் கவனிக்கும் கண், அளவோடு தீன் போடும் கை, அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாறும் சுழற்சி பற்றிய அறிவு.

உதவாதது:

1. நெருக்கமாக மீன் விடும் பழக்கம். கடல்நீரின் காரத்தன்மை 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அதே அளவு அமோனியா அங்கே பல மடங்கு நஞ்சாகிறது. 300 லீற்றருக்கு ஐந்தாறு சிறு மீன்களே போதும்.

2. மருந்து. நன்னீரில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு உப்புப் போட்டுச் சமாளித்தவர்கள் பலர். கடல்மீனின் வெள்ளைப்புள்ளி வேறு கிருமி. அது உப்பிலேயே பிறந்தது. செப்பு கலந்த மருந்து மீனைக் காப்பாற்றலாம். ஆனால் இறால், நத்தை, முருகை எல்லாவற்றையும் கொன்றுவிடும். செப்பு மருந்து பாவித்த பழைய தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்ற வேண்டாம். புதிய மீனை நாலு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே மலிவான வைத்தியம்.

3. வெப்பம் பற்றிய அலட்சியம். நமது கடைகளில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். கப்பி தாங்கும். முருகைத் தொட்டி 25, 26 பாகையில் சீராக நிற்க வேண்டும்.

4. மின்வெட்டைப் பொறுத்துக்கொள்ளும் மனம். கடல்நீரில் கரையும் ஒட்சிசன், அதே வெப்பத்திலுள்ள நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. அப்படியொரு நாளில் மாற்று ஏற்பாடு இல்லாத முருகைத் தொட்டி காலை வரை பிழைப்பது அரிது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி தொட்டியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள்.

மறைந்திருக்கும் செலவு

தொட்டியின் விலையை எல்லோரும் கேட்பார்கள். ஓட்டும் செலவைக் கேட்பவர்கள் குறைவு. ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம்.

60 வொட் பம்பிகள் 24 மணிநேரம்: 1.44 அலகு. 150 வொட் விளக்கு 9 மணிநேரம்: 1.35 அலகு. 300 வொட் குளிரூட்டி 12 மணிநேரம்: 3.6 அலகு. நாளொன்றுக்கு 6.4, மாதத்துக்கு 192 அலகு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு மின்பட்டியல் படிப்படியாக ஏறும் கட்டணம். உங்கள் வீடு ஏற்கனவே 120 அலகு எரிக்கிறது என்றால், தொட்டியின் 192 அலகும் அதற்கு மேலே போய் அமர்கின்றன. அவற்றுக்குச் சராசரி விலை அல்ல, மேல் படிகளின் விலை விழுகிறது. புதிதாகச் சேர்க்கும் எந்தச் செலவையும் பழைய சராசரியால் பெருக்காதீர்கள். அது எந்தப் படியில் விழுகிறது என்று பாருங்கள். கடை இணைப்பில் வைத்தால் கட்டண முறை வேறு. இரண்டையும் கணக்கிட்ட பிறகே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இத்துடன் உப்பு, பரிசோதனை மருந்துகள், தினமும் அரை மணிநேர வேலை. மாதம் 15 மணிநேரம். அந்த நேரத்தில் கல்லாவில் யார் இருப்பார்? நீரின் பாரத்தையும் மறக்க வேண்டாம். 300 லீற்றர் கடல்நீர் மட்டும் 307 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். பலகைத் தட்டு தாங்காது.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்படியாகச் செய்யுங்கள் என்கிறோம்.

முதல் மாதம் எதுவும் வாங்க வேண்டாம். கடற்றொழில் திணைக்களத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். மின் செலவைக் கணக்கிடுங்கள்.

இரண்டாம் மாதம் தொட்டியை வைத்து, நன்னீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். பிறகு உப்பு நீரும் செயற்கைக் கல்லும். மீன் விடாமல் நாலு முதல் ஆறு வாரம் ஓட விடுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை காத்திருங்கள்.

அடுத்த மூன்று மாதம், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் மொலி மீன்களை விடுங்கள். மொலி விசித்திரமான மீன். மெதுவாகப் பழக்கினால் நன்னீரிலிருந்து முழுக் கடல்நீருக்கே வந்துவிடும், அங்கே குட்டியும் போடும், பாசியும் தின்னும். ஒரு மொலி செத்தால் நட்டம் சில ரூபா. ஒரு முருகை மீன் செத்தால் நட்டம் ஆயிரக்கணக்கில். உப்பளவு, வெப்பம், மின்பட்டியல் மூன்றையும் கொப்பியில் தினமும் எழுதுங்கள்.

மூன்று மாதக் கொப்பி ஒழுங்காக இருந்தால், பண்ணையில் பிறந்த ஒரு சோடி கோமாளி மீனை வாங்கலாம். 2003இல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு சிறுபிள்ளைகளும் பெயர் சொல்லிக் கேட்கும் மீன் அது. எதிர்க்கரையில் மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்துள்ளது. கடலில் பிடிக்காமலும் தொழில் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. முருகை பற்றிய பேச்சு ஒரு வருடம் கழித்து, அனுமதிப் பத்திரத்தோடு.

கொப்பி ஒழுங்காக இல்லை என்றால்? தொட்டியைக் கழுவி மீண்டும் நன்னீர் ஊற்றுங்கள். ஏஞ்சல் வளருங்கள். நட்டம் ஒரு மூடை உப்பும் சில மாத மின்பட்டியலும்தான். பதினைந்து வருடத் தொழிலும் பெயரும் அப்படியே இருக்கும். அதற்காகவே நன்னீர்த் தொட்டிகளை விற்று இதில் முதல் போட வேண்டாம் என்று சொல்கிறோம். பழைய தொழில்தான் புதிய தொழிலுக்குச் சோறு போட வேண்டும்.

புதிய தொழிலுக்கு இறங்கும் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இலவசம் என்று நான் நினைப்பது உண்மையில் இலவசமா? எனக்குத் தெரிந்ததில் எது இங்கே செல்லாது? முழு முதலையும் போடுமுன் சில ரூபா நட்டத்தோடு பரீட்சித்துப் பார்க்க எனக்கு ஒரு “மொலி” இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கடையைத் திறக்கலாம்.