எச்.ஆர். படிக்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலையில் டிகிரி முடித்த பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் "எச்.ஆர். சார்" என்கிறார்கள். ஏன் என்றால், "ஏ.சி. ரூம் வேலைன்னு அப்பா சொன்னார்."

எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. இரண்டும் தெரிந்த கதை. நல்ல கல்லூரி கிடைத்தால் சேருங்கள். நான் எச்சரிப்பது சில வாரங்களில் கிடைக்கும் 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்' சர்டிஃபிகேட்டைப் பற்றி. பிறந்தநாள் கேக், கோலப்போட்டி, இங்கிலீஷில் மெயில் எழுதுவது: இதற்கா அத்தனை ஃபீஸ்? செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கும் பெண்ணுக்கு வேண்டியது வேறு. பிடித்தம் ஏன் என்று யாரிடம் கேட்பது? ஷிஃப்ட் மாறுவது முந்தின நாளே தமிழில் போர்டில் வருமா? தீபத்தன்று லீவு உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லாத கம்பெனியில் கேக் வெட்டி என்ன பயன்?

பெரிய ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம். 1948 தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் என்றது. 2020 சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியது. அந்த நாற்காலிக்கு இந்தச் சர்டிஃபிகேட் செல்லாது. சென்னையில் அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் தொழிலாளர் மேலாண்மைப் படிப்பு செல்லும். நானும் நல அலுவலராக இருந்தவன். என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

அங்கே படித்தால் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏன் பிறந்தது என்று தெரியவரும். பெரம்பூர் மில் தொழிலாளர்களின் பெருங்குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அதை உள்ளே காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல்தான் வெளியே, அந்தச் சங்கத்தை அமைத்த பி.பி. வாடியாவிடம் போனார்கள் என்பேன்.

படிப்பைவிட முக்கியம் சுபாவம். கோபமாக வந்தவரைக் குறுக்கிடாமல் முழுக்கப் பேசவிட முடியுமா உங்களால்? முதல் சில வருஷம் தொழிலாளர்கள் உங்களை நிர்வாகத்தின் ஆள் என்பார்கள், நிர்வாகமோ யூனியன் ஆள் என்று சந்தேகப்படும். இரண்டையும் தாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்தால்தான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி மனசைத் திறந்து பேசுவாள். கூச்சமுள்ள பிள்ளைகள் பயப்பட வேண்டாம். வாயாடிகளைவிட அவர்களே இதில் தேறுகிறார்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் ஒன்று கேளுங்கள்: களப்பணி எந்த ஆலையில், எத்தனை நாள்? "ஆபீஸ்ல ப்ராஜெக்ட் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால், விண்ணப்பத்தை வாங்காமலே திரும்பிவிடுங்கள்.