ஆறில்லாத ஊரில் வெங்காயம் விளைவது எப்படி?

நம்ம தோட்டங்களில் பீலியடிக்குப் போனால் மலை ஊற்றுத் தண்ணீர் தானாக வந்து விழும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வருஷம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மழை போனால் அதுவும் வற்றிவிடும். அப்படியிருந்தும் நாம் வாங்கும் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் அங்கேயும் விளைகின்றனவே!

செம்மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. சுற்றிலும் கடல் அல்லவா? உப்புநீரும் அதே கல்லுக்குள் புகுந்திருக்கும். உப்புநீர் கனமானது, நல்லதண்ணீர் அதன்மேல் மிதக்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்லதண்ணீர், ஆழத்தில் உப்பு.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்லதண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்.

முன்பு துலா மிதித்துத்தான் இறைத்தார்கள். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையைக் கவிழ்ப்பார். ஆள் களைத்தால் இறைப்பும் நிற்கும், கிணறு ஊறிக்கொள்ளும். பம்ப் களைப்பதில்லை. (துலாவே நல்லது என்று சொல்ல வரவில்லை, அந்த முதுகுவலி மிதித்தவர்களுக்குத்தான் தெரியும்.) கரையோரக் கிணறுகள் பல உவராகிவிட்டன.

இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய உரமும் மலக்குழிக் கழிவும் அதே வெடிப்புகளில் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது.