நாமினி வேறு, வாரிசு வேறு



வங்கியில் கணக்குத் தொடங்கும்போதும், இன்சூரன்ஸ் படிவம் நிரப்பும்போதும் "நாமினி யாரும்மா?" என்று கேட்கிறார்கள். நாமும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் ஒருவர் காலமான பிறகு, "லீகல் ஹெயர் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்கிறார்கள். அப்போதுதான் குழப்பம் வருகிறது. "என் பேருதான் நாமினின்னு எழுதியிருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

நம்மில் பலர் இரண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. அந்தத் தப்பால் உறவுகள் முறிவதும் உண்டு, உரிமை கைவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே இந்த மாதப் பாடம் இந்த இரண்டு சொற்கள்தான்.

சொல்லின் பொருள்

நாமினி என்றால் "பெயர் சொல்லப்பட்டவர்". நம் ஊரில் நாமம் என்றால் பெயர்தானே? அந்தச் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இப்படி "ஈ" ஓசையில் முடியும் சொற்கள் பல உண்டு. பயிற்சி கொடுப்பவர் ட்ரெய்னர், பயிற்சி பெறுபவர் ட்ரெய்னி. அதுபோல நாம் யாருடைய பெயரைச் சொல்கிறோமோ அவர் நாமினி. தமிழ்ப் படிவங்களில் நியமனதாரர் என்று போட்டிருக்கும்.

ஹெயர் என்றால் வாரிசு. எழுத்தைப் பார்த்து நாம் ஹெயர் என்று படிக்கிறோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒலிக்காது. "ஏர்" என்றுதான் சொல்வார்கள். உழுகிற ஏரை நினைத்துக்கொண்டால் மறக்காது. லீகல் ஹெயர் என்றால் சட்டப்படியான வாரிசு.

இப்போது வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாமினியை நாம் தேர்ந்தெடுக்கிறோம். வாரிசு யார் என்பதைச் சட்டம் சொல்கிறது. நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர். வாரிசு அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

ஒருவர் கல்யாணத்துக்கு முன்பே வங்கிக் கணக்கு தொடங்கினார். தம்பியை நாமினியாகப் போட்டார். பிறகு கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நாமினியை மாற்ற மறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். கணக்கில் 1,20,000 ரூபாய் இருக்கிறது.

வங்கி யாரிடம் கொடுக்கும்? நாமினியான தம்பியிடம். கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் பணம் தம்பிக்குச் சொந்தமாகிவிடாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். நான்கு பேர், நான்கு சமபங்கு. ஆளுக்கு 30,000 ரூபாய். தம்பி வாங்கிய பணத்தை இவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மனைவிதான் நாமினி, முழுப் பணமும் அவர் கைக்கு வந்துவிட்டது. மாமியாருக்குப் பங்கு உண்டா? உண்டு. அதே 30,000 அந்த அம்மாவுக்கும் சேரும். நமக்கு வரவேண்டியதைக் கேட்பது எப்படி நியாயமோ, அடுத்தவருக்குச் சேரவேண்டியதைக் கொடுப்பதும் அப்படியே நியாயம். மாமியாரும் ஒரு பெண்தானே?

ஆயுள் காப்பீட்டு நாமினி பணத்தை வாங்கும் உரிமை மட்டுமே உள்ளவர் என்று 1984-லும், வங்கிக் கணக்கின் நாமினியும் அப்படித்தான் என்று 2010-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் 2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தத் தொகையில் அவர்களுக்கே உரிமை என்று சேர்த்தார்கள். ஆனாலும் வாரிசுகள் வழக்குப் போடுவது நின்றபாடில்லை.

மனதை உறுத்தும் ஒரு வழக்கு

"என் பணம், நான் உழைச்சது. யாருக்குப் போகணும்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்கிறீர்களா? இதைப் படியுங்கள்.

வட இந்தியாவில் ஒரு பெண். 1955-ல் கல்யாணம். மூன்றே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெற்றோர்தான் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்தார்கள். அவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துச் சேமித்தார். பிள்ளைகள் இல்லை. 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய வங்கிச் சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் அவரைப் பெற்ற தாய் கேட்டார். கணவரின் அக்கா தங்கை வழிப் பிள்ளைகளும் கேட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் கணவர் வழியினருக்கே உரியது என்று தீர்த்தது.

ஏன் அப்படி? சட்டம் அப்படி இருக்கிறது. இந்துப் பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாத நிலையில், தகப்பன் வழிக்குத் திரும்பும்.

நம் குழுக்களில் கணவரை இழந்து, பிள்ளை இல்லாமல், அம்மா வீட்டில் இருந்து உழைக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் வங்கிக் கணக்கில் அம்மா பெயரை நாமினியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அம்மா பணத்தை வாங்கலாம். ஆனால் உரிமை கேட்டு வேறொருவர் வந்து நிற்க முடியும்.

அப்படியானால் என்ன செய்வது?

உயில் எழுதுங்கள். உயில் இருந்தால் அதில் சொன்னவருக்கே சொத்து சேரும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் தகராறு குறையும். உயிலில் யாருக்குக் கொடுக்கிறோமோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

முஸ்லிம், கிறிஸ்தவச் சகோதரிகளுக்குப் பங்கு முறை வேறு. முஸ்லிம்கள் உயிலில் எழுதக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான். ஆனால் வங்கிக் கணக்கில் நாமினி வேறு, வாரிசு வேறு என்பது எல்லோருக்கும் ஒன்றே.

சரி, அப்போ நாமினி தேவையில்லையா?

கட்டாயம் தேவை. நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் காட்டிப் பணத்தைச் சீக்கிரம் வாங்கிவிடலாம். இல்லையென்றால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, தொகை பெரிதானால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று என்று அலைய வேண்டிவரும். பத்து வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல்தான்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். 18 வயது ஆகாத பிள்ளையை நாமினியாகப் போட்டால், அதற்காகப் பணத்தை வாங்க ஒரு பெரியவரின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வருடம் 436 ரூபாய் கட்டும் ஜீவன் ஜோதி, 20 ரூபாய் கட்டும் சுரக்ஷா இரண்டிலும் தலா 2 லட்சம் வரை காப்பீடு உண்டு. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் கிடைக்கும். இரண்டாவது விபத்துக்கு மட்டும். இவற்றில் சேர்ந்தவர்கள் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, படிவத்தில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் பிறகு தொல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

எல்லோரும் பாஸ்புக்கைக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொருவரும் நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. என் கணக்கில் நாமினி யார்?
2. அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா? கல்யாணம், பிள்ளைப்பேறு, பிரிவுக்குப் பிறகு மாற்றினேனா?
3. சட்டப்படி என் வாரிசுகள் யார் யார்?
4. இரண்டும் ஒன்றா? இல்லையென்றால் நான் உயில் எழுத வேண்டுமா?

குழுவில் உள்ள சேமிப்புக்கும் ஒவ்வொரு உறுப்பினரின் நாமினி பெயரைப் பதிவேட்டில் எழுதித் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

சாவைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து பத்து ரூபாயாகச் சேர்த்த காசு, நாம் நினைத்தவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறோம்.