சுவர்ச் சித்திரமும் பதிப்புரிமையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடை. கல்லாப் பெட்டிக்கு மேலே இரு தெய்வப் படங்கள் தொங்குவதாகக் கொள்வோம். ஒன்று, ராஜா ரவிவர்மா தீட்டிய லட்சுமி. மற்றொன்று, கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு வரைந்த நாட்காட்டிப் படம். கண்ணுக்கு இரண்டும் ஓரினத்தவையே, சட்டத்திற்கோ அவ்வாறன்று. முதற்படத்தை எவரும் அச்சிட்டு விற்கலாம். இரண்டாவதை அச்சிட, உரிமையாளரின் இசைவு இன்றியமையாதது.

கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டில் பிறந்த ரவிவர்மா, 1894-இல் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அங்குக் கையாளப்பட்டது கல்லச்சு முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது பிசுக்குள்ள மையால் உருவம் வரையப்படும். பின்னர்க் கல் நீரால் நனைக்கப்படும். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவாமையின், அச்சு மை வரைந்த இடங்களில் மட்டுமே பற்றும். நிறத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்களிலிருந்து ஒரே தாளில் மாறிமாறிப் பதிக்க, வண்ணப் படம் உருவாகும். அரண்மனைச் சுவர்களுக்கே உரியவையாயிருந்த சித்திரங்கள் இவ்வாறுதான் எளியோர் இல்லங்களை அடைந்தன. பிரதி எடுத்தல் எளிதானவுடன், அதற்குரிய உரிமை எவருடையது என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இந்தியாவில் இதற்கு விடை கூறுவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் ஓவியத்திற்குப் பாதுகாப்பு உண்டு. முன்னர் இது 50 ஆண்டுகளாயிருந்தது. 1941-இல் மறைந்த ரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்குரிய உரிமை 1991 இறுதியில் முடியும் தறுவாயில் இருந்தபோது, காலவரை பத்தாண்டு நீட்டப்பட்டது.

ரவிவர்மா காலமானது 1906-இல். இன்றைய நீண்ட கணக்கையே கொண்டாலும், அவருடைய ஓவியங்களின் உரிமை 1966-க்கு அப்பால் செல்லாது. கொண்டைய ராஜு 1976-இல் காலமானார். ஆகவே அவர் வாழ்நாளில் வெளியான படங்களுக்கு 2036 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே உரிமை சேர்ந்திருக்கவும் கூடும். அவ்வாறாயினும் ஆண்டுகள் எண்ணப்படுவது ஓவியரின் மறைவிலிருந்துதான்.

இங்கே பலரும் இரு பிழைகள் செய்கின்றனர். படத்தை விலை கொடுத்து வாங்கியதால் அதை அச்சிடும் உரிமையும் வந்துவிட்டதாக எண்ணுவது ஒன்று. வாங்கியது தாளை மட்டுமே. அதை மாட்டலாம், பிறருக்கு விற்கலாம், அவ்வளவே. பதிவு செய்யப்படாத படத்திற்கு உரிமை இல்லை என்பது மற்றொன்று. பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமன்று. படைப்பு தோன்றும்போதே அதுவும் தோன்றிவிடுகிறது. தன் கடையின் பெயரைச் சேர்த்து, பிறர் படத்தை நாட்காட்டியாக அடித்து வழங்கும் வணிகர் பெரும்பாலும் இவற்றை அறியார். தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் கூறப்பட்டுள்ளன.

சட்டம் கதவை முழுவதும் அடைத்துவிடவில்லை. திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த 'சாகரகன்னியகா' என்னும் மாபெரும் கடற்கன்னிச் சிலை உள்ளது. அதுவும் பாதுகாப்புக்கு உட்பட்ட படைப்பே. ஆயினும் பொது இடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தை வரையவும், புகைப்படம் எடுக்கவும், அவற்றை வெளியிடவும் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதே சிலையைச் சிறு பொம்மையாக வார்த்து விற்பதற்கு அவ்விலக்கு பொருந்தாது. ஒரே கடற்கரையில் அஞ்சலட்டை விற்பவர் தடையின்றி விற்கலாம். பொம்மை விற்பவர் சிற்பியின் அனுமதியைப் பெற்றிருத்தல் வேண்டும்.

அஞ்சல் தலையின் சித்திரம், அரசாங்கம் வெளியிடும் நிலப்படம் ஆகியவற்றுக்கு வேறு கணக்கு உண்டு. அரசாங்கப் படைப்புக்கு மறைவு என்பது இல்லையாதலின், அவை வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகள் எண்ணப்படும்.