முதலில் சுருதி, பிறகு வண்ணம்

ஷா ஆலமில் என்னிடம் ஓவியம் பழக வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் பாட்டும் கற்றுக்கொள்கிறார்கள். சிலர் தைப்பூசத்துக்கு உருமி வாசிக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் வந்து கேட்பது இதைத்தான்: "ஐயா, இசையைக் கேட்டு அரூப ஓவியம் வரைவது எப்படி?" இதுவரை வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எண் போட்டு எழுதித் தருகிறேன். எண் ஒரு வசதிக்காகத்தான். ஐந்தாவதும் ஆறாவதும் கைவந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

1. ஒரே ஒரு உருப்படியைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். கைப்பேசியில் வேறொன்றைப் பார்த்தபடி காதில் ஓடவிடுவதைக் கேட்பதாக நான் கணக்கில் எடுப்பதில்லை. எங்கே எடுப்பு, எங்கே மேலே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி வந்து சேருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்வரை தாளைத் தொடாதீர்கள். முடிந்தால் நேரில் கேளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் இருக்கிறது. வாசிக்கிறவரின் கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஏன் என்று ஆறாவதில் சொல்கிறேன்.

2. வீணையின் உருவத்தையோ, புல்லாங்குழலையும் மயிற்பீலியையுமோ, சலங்கை கட்டிய காலையோ வரைந்துவிட்டு இசையை வரைந்ததாகச் சொல்லாதீர்கள். பாட்டின் சொற்களில் வரும் நிலவும் ஆறும்கூட வேண்டாம். இசை எதை நினைவூட்டுகிறது என்பது ஒரு வேலை. இசை என்ன செய்கிறது என்பது வேறு வேலை. நாம் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது.

முதலாவதைச் செய்ததில் வட இந்திய ராகமாலா ஓவியர்களை மிஞ்ச ஆளில்லை. 16-ஆம் நூற்றாண்டு முதல் 19 வரை மேவாரிலும் பூந்தியிலும் பஹாடி மலைநாட்டு அரசவைகளிலும் ஒவ்வொரு ராகத்தையும் ஓர் ஆணாகவோ பெண்ணாகவோ உருவகித்து வரைந்தார்கள். தோடி ராகினி என்றால் வீணையோடு நிற்கும் பெண்; அவளைச் சுற்றி மான்கள். (அது ஹிந்துஸ்தானி மரபின் தோடி; இன்று பாடப்படுவது நம் சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம்முடைய தோடி வேறு.) அவற்றைத் தேடிப் பாருங்கள், கண் நிறையப் பாருங்கள். ஆனால் அங்கே ராகம் ஓர் ஆளாகிவிட்டது. அதன் சஞ்சாரம் படத்துக்குள் வரவில்லை.

3. ஓவியர் காண்டின்ஸ்கியின் ஒரு படத்தை நன்றாகப் படியுங்கள். 1911 ஜனவரி 2-ஆம் தேதி மியூனிக் நகரில் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் கச்சேரி நடந்தது. அவருடைய இரண்டாம் நரம்பிசை நால்வர் படைப்பும், ஓப்பஸ் 11 பியானோ உருப்படிகளும் வாசிக்கப்பட்டன. பழகிய சுருதி ஆதாரத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்த இசை அது. நண்பர்களோடு போய்க் கேட்ட காண்டின்ஸ்கி உடனே வேலையில் இறங்கினார். அதுதான் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)'. இன்று மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் முதலில் போட்ட கோட்டுச் சித்திரங்களில் பியானோவும் அதைச் சுற்றிக் குனிந்திருக்கும் ஆட்களும் அடையாளம் தெரிகிறார்கள். ஓவியத்தில் பியானோ ஒரு பெரிய கறுப்புத் திட்டாகிவிட்டது. கேட்பவர்கள் சாய்ந்த வளைவுகளாகிவிட்டார்கள். வலப்பக்கம் முழுவதையும் மஞ்சள் வந்து நிரப்பிவிட்டது. அந்த மஞ்சள் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லை; மண்டபத்தில் பரவிய ஓசை அது. கறுப்பிலிருந்துதான் அது கிளம்புகிறது. தெரிந்த உருவத்திலிருந்து தொடங்கி, ஓசை இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போயிருக்கிறார். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எடுத்த எடுப்பில் வண்ணத்தை வீசுவதை அரூபம் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சித்திரங்களையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

4. ஸ்வரத்துக்கு வண்ண அட்டவணை தேடி அலையாதீர்கள். நாரதீய சிக்ஷையில் அப்படி ஓர் அட்டவணை உண்டு: ஷட்ஜம் தாமரை இதழ் நிறம், ரிஷபம் கிளி நிறம், காந்தாரம் பொன், மத்தியமம் குந்தமலர் வெண்மை, பஞ்சமம் கறுப்பு, தைவதம் மஞ்சள், நிஷாதம் எல்லா நிறங்களும் கலந்தது. கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே வைத்து வரைந்தால் எல்லா ராகமும் ஒரே பொம்மலாட்டத் திரை மாதிரி வந்து நிற்கும்.

ரஷ்ய இசைஞர்கள் ஸ்கிரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஓசையோடு நிறத்தையும் உணர்ந்தவர்கள் என்பார்கள். சி மேஜர் ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு வெள்ளை. அவ்வளவு பெரிய வித்வான்களுக்கே ஒத்துப்போகவில்லை என்றால் உங்களுக்கும் எனக்கும் பொதுவான அட்டவணை எங்கிருந்து வரும்? ஓசை கேட்டதும் நிறம் தெரிகிறவர்கள் சிலர் பிறவியிலேயே இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படித் தெரியவில்லையே என்று கவலைப்படவே வேண்டாம். ஓர் ஓவியத்துக்கு மூன்று வண்ணம் எடுங்கள், அதற்கு மேல் எடுக்காதீர்கள். எதை எடுத்தாலும் கடைசிவரை அதற்கு விசுவாசமாக இருங்கள்.

5. முதலில் சுருதி. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் தாவிப் போய்விடுகிறார்கள். கச்சேரி தொடங்குமுன் தம்புரா ஒலிக்கிறது. பஞ்சமம், மேல் ஷட்ஜம் இரண்டு, கீழ் ஷட்ஜம் என்று நான்கு தந்தி, முடிவில்லாமல். பாடகர் எங்கே போனாலும் அது போகாது. உங்கள் தாளில் அதற்கு நிகராக ஏதாவது இருக்கிறதா? வெறும் வெள்ளைத் தாளில் கோடு இழுத்தால் அது சுருதிப் பெட்டி இல்லாமல் பாடுவதுதான்.

ஆகவே முதல்நாள் முழுவதும் தளத்துக்கே கொடுங்கள். நீர்வண்ணம் என்றால் 300 கிராம் பருத்தித் தாள். ஒரே வண்ணத்தை மிக நீர்த்த நிலையில் எடுத்துத் தாள் முழுக்கப் பூசி, முழுக்கக் காயவிட்டு, மறுபடி பூசுங்கள். மூன்று நான்கு பூச்சு ஏறும்போது அந்த நிறத்துக்கு ஓர் ஆழம் வரும்; ஒரே தரம் கெட்டியாகப் பூசினால் அது வராது. நம் ஊரில் சாயங்கால இடிமழை பிடித்துக்கொண்டால் தாள் லேசில் காயாது. அதைத் தொல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள் 'ஈரம் போவதற்குள் முடி' என்று விரட்டும். நமக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, ஈரத்துக்குள் ஈரமாக நிறம் மெல்லப் பரவுவதை நின்று பார்க்கலாம். ஆனால் காயாத தாளைக் கோப்பில் வைத்து மூடிவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்துவிடும்; பிடித்த பிறகு போகாது.

6. கமகம்தான், அதாவது ஸ்வரத்தின் அசைவுதான், கோடு. நம் இசையிலிருந்து உலக ஓவியத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய சொத்து இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்துங்கள். ஸ்வரம் வரும், தோடி வராது. பாடகர் தொண்டையில் அந்தக் காந்தாரம் தன் இடத்தில் நிற்பதேயில்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்தியமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். வீணையில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: இடக்கை விரல் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து விடுகிறது. கை தெரியும் இடத்தில் உட்காரச் சொன்னது இதற்காகத்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி இசைத்தட்டாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டபடி முதலில் வெறுங்கையைக் காற்றில் ஓட்டுங்கள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஓட்டுங்கள். பிறகு பழைய நாளிதழ் மேல் மையும் தூரிகையுமாக. இழைத்து வாசிக்கும் இடத்தில் தூரிகை அழுந்தட்டும், கோடு தடிக்கட்டும். பிருகா, அதாவது அதிவேக ஸ்வரக் கொத்து, உதிரும் இடத்தில் மை வற்றிய தூரிகை தாளை உரசிக்கொண்டு போகட்டும். அந்த உடைந்த விளிம்பை அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பாடமும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்தார்; நோட்டுஸ்வரம் என்கிறோம். சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் நேராக நடப்பவை. அதே அளவுத் தாள், அதே மை, அதே தூரிகை. ஒரு தாளில் நோட்டுஸ்வரம், இன்னொன்றில் தோடி. முதலாவது தாள் படியும் கட்டமுமாக வரும். இரண்டாவதில் ஒரு நேர்கோடுகூட இருக்காது. வரைந்தவரே சொல்லாவிட்டாலும் இசை தெரிந்தவர் எது எதுவென்று சொல்லிவிடுவார். அந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் கேன்வாஸ் வாங்கலாம்.

7. தாளத்தை இடைவெளியாகப் பாருங்கள். ஓவியர் மொந்திரியான் 1940-இல் நியூயார்க் வந்து பூகி-வூகி பியானோ இசையில் சொக்கிப்போனார். பல ஆண்டுகளாக விடாமல் போட்டுவந்த கறுப்புக் கோடுகளை அதற்குப் பிறகு கைவிட்டார். 1942-43-இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் மஞ்சள் பாதைகள். அவற்றை வெட்டி வெட்டி வரும் சிவப்பு, நீல, சாம்பல் சின்னச் சதுரங்கள். கண் ஓரிடத்தில் நிற்க முடியாமல் தாவிக்கொண்டே இருக்கும்.

நம் கணக்கு இன்னும் வளமானது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாபுவுக்குப் படத்தின் அகலத்தை ஏழாகப் பிரித்து மூன்றும் நான்குமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கும் கொஞ்சம் முன்னாலேயே படம் முறியும். அந்தச் சாய்வுதான் மிஸ்ரசாபு. தீர்மானம் என்னும் முடிப்புச் சொற்கட்டு மூன்று தரம் வந்து சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், விழுவதை ஒரே வடிவத்தின் மூன்று தோற்றமாகப் போட்டுப் பாருங்கள்.

உருமி வாசிக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு சொல். கர்நாடக இசை தெரிந்தால்தான் இதெல்லாம் வரும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் வாத்தியத்தில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறீர்கள், மறுபக்கத்தை அடிக்கிறீர்கள். இழுவையும் அடியும். ஓவியத்தில் இருப்பதும் இந்த இரண்டுதானே! பட்டையான பிளாஸ்டிக் தகட்டால் ஆக்ரிலிக்கை ஒரே இழுப்பாக இழுங்கள், அது தேய்ப்பு. ஈரம் காயுமுன் அதன் மேல் தூரிகையின் நுனியால் கொட்டுங்கள், அது அடி. பத்துமலையில் காவடிக்கு முன்னால் நின்று வாசித்த கைக்கு அழுத்தமும் வேகமும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

8. கார்வைக்கு, அதாவது அடுத்த அடிக்கு முன் விடும் இடைவெளிக்கு, இடம் விடுங்கள். தளம் மட்டும் தெரியும் வெற்றிடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

9. கடைசிக் கட்டத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை படத்தில் இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும், ஏனென்றால் காது நிரப்பிக்கொடுத்துவிடுகிறது. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். சில நாள் கழித்து, வீட்டில் எந்த ஓசையும் இல்லாத நேரத்தில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் படம் கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடத்திப் போனால் வேலை முடிந்தது. கண்காட்சியிலும் படத்தருகே அந்தப் பாட்டை ஒலிக்கவிடாதீர்கள்.

இப்படித் தனியாக நிற்கும் படம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். 1958-இல் தொடங்கிய நம் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போங்கள். சையத் அகமட் ஜமாலின் அரூப ஓவியம் ஒன்று காட்சியில் இருந்தால் அதன் முன்னால் அமைதியாக நில்லுங்கள். தூரிகை வீச்சு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரலால் காற்றில் பின்தொடருங்கள். அவர் எந்தப் பாட்டையும் வரைந்ததாக நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீச்சுக்கு ஒரு காலப்பிரமாணம் இருப்பது புரியும்.

10. வீட்டில் அம்மாவோ பாட்டியோ "இது என்னய்யா படம்?" என்று கேட்பார்கள். "உங்களுக்குப் புரியாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளம் கேட்டவர்களுக்கு உங்களைவிடக் காது அதிகம். "கண் முதலில் எங்கே போச்சு, அப்புறம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பாட்டி விரல் வைத்துக் காட்டும் வழியும் நீங்கள் கேட்ட சஞ்சாரமும் ஒன்றாக இருந்தால் படத்துக்குக் கையெழுத்துப் போடலாம். வேறாக இருந்தால் அவர் காட்டிய வழியைப் பென்சிலால் ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த படத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

11. படத்துக்குப் 'பரவசம்', 'ஏக்கம்' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். பார்க்கிறவர் என்ன உணர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போடுவது அது. ராகத்தின் பெயரே போதும். பின்பக்கம் பென்சிலால் ராகம், தாளம், பாடியவர் அல்லது வாசித்தவர், தேதி, எடுத்த மூன்று வண்ணங்கள், இவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தோடியை மறுபடி வரையும்போது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.